ஒரே அலைவரிசையில் இரண்டு தெருக்கள்

1

என் தொழிலை ஒரே சொல்லில் விளக்க முயன்று, அரசு அலுவலகம் ஒன்றில் நகைப்புக்கு ஆளானவன் நான். வட ஜெர்மனியின் துறைமுக நகரம் ஒன்றில் குடியேறிய முதற்கோடை அது. வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்த அம்மையார், "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். கைப்பேசி வலையமைப்புகளில் நேரும் குறுக்கீட்டை ஆராய்பவன் என்று சொல்ல எண்ணினேன். குறுக்கீட்டுக்கு அவர்கள் மொழியில் 'ஷ்டோருங்' என்று பெயர். நெய்தல் என்னும் சொல்லிலிருந்து நெய்பவர் பிறப்பதுபோல, ஷ்டோருங்கிலிருந்து ஷ்டோரர் பிறக்கும் என்று இலக்கணப்படி முடிவுசெய்து, "நான் ஒரு ஷ்டோரர்" என்றேன். அச்சொல்லுக்குத் தொல்லை கொடுப்பவன் என்று பொருள். அம்மையார் எழுதுகோலைக் கீழே வைத்தார். "அதை இங்கே முழுநேர வேலையாகவே செய்யப்போகிறீர்களா?" என்று கேட்டார்.

இந்த ஆண்டும் அதே அலுவலகம்; அதே ஆடி மாதம். குடியிருப்பு அட்டைகளைப் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்திருந்தது. மகளையும் அழைத்துச் சென்றிருந்தேன். அவளுக்கு இளவேனில் என்று பெயர். ரோமன் எழுத்தில் அச்சிட்டால் முதலில் நிற்கும் பெரிய 'ஐ'யும் அடுத்து நிற்கும் சிறிய 'எல்'லும் ஒன்றுபோலவே இரண்டு கோடுகளாகத் தெரியும். எந்தக் கோடு எந்த எழுத்து என்று எவரோ குழம்பியதில், பழைய அட்டையில் அவள் 'லாவெனில்' ஆகியிருந்தாள். இம்முறை அதைத் திருத்தியே தீர்வது என்று விண்ணப்பத்தாளை வாங்கி வைத்திருந்தேன்.

"விடுங்கப்பா. ஸ்கூல்ல எல்லாருக்கும் நான் லாவெனில்தான்" என்றாள் மகள்.

"அது உன் பெயரன்று."

"கூப்பிட்டா நான்தானே திரும்பறேன்?"

விண்ணப்பத்தாளை விரித்து எழுதுகோலைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் காஞ்சிபுரத்திலிருந்து அழைப்பு வந்தது. என் தம்பி குமரேசன். பெரிய காஞ்சிபுரத்தில், நாங்கள் பிறந்த தெருவிலேயே, பட்டுப் புடவைக்குக் கணினியில் டிசைன் போட்டுத் தறிக்கு அட்டை அடித்துத் தரும் கடை வைத்திருக்கிறான்.

"அண்ணா, இன்னா பண்ணிக்கினு இருக்கே?"

"அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறேன். சொல்லு."

"மானம் போச்சுண்ணா. என் மைக் செட்டே என்னைத் திட்டிடுச்சி."

2

தம்பியின் துயரம் விளங்க வேண்டுமானால் என் வேலையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

கைப்பேசிகள் பேசிக்கொள்ளும் அலைகளின் தொகுதியை அலைக்கற்றை என்கிறோம். முன்பெல்லாம் அரசு அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு நிறுவனத்துக்கே உரிமையாக்கியது. உரிமையாளர் ஒருவர், அதனால் சண்டையும் இல்லை. இப்போது சில பகுதிகளைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். துறைமுகமோ தொழிற்சாலையோ உழவுப் பண்ணையோ, உரிமம் பெற்றுத் தத்தம் நிலத்துக்குள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நிலத்துக்கு வேலி போட முடியும், அலைக்கு முடியாது. வேலியைத் தாண்டிச் செல்லும் என் அலை, அடுத்த நிலத்துக்காரருக்கு வெறும் இரைச்சல். அவருடைய அலை எனக்கு இரைச்சல்.

இந்நிலையில் எவருக்கும் முதலில் தோன்றும் வழி, தம் ஆற்றலைக் கூட்டுவது. கூட்டியவுடன் நம் குரல் தெளிவாகும். அடுத்தவருக்கு இரைச்சல் கூடும், அவரும் கூட்டுவார். இருவரும் உச்சத்தை எட்டும்போது, தொடங்கிய இடத்தில் இருந்த தெளிவுகூட இருவருக்கும் இராது. மின்சாரம் மட்டும் செலவாகியிருக்கும். ஆகவே யார், எப்போது, எவ்வளவு ஆற்றலில் பேசலாம் என்று பங்கிட வேண்டும். தொலைவில் இருக்கும் கருவிக்குச் சற்றுக் கூடுதல், அருகில் இருப்பதற்குக் குறைவு, வேலியோரம் இருப்பதற்கு மிகக் குறைவு. அங்கும் போதாதென்றால் ஆளுக்கொரு நேரம். கணினி இதை இடைவிடாமல் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கை எழுதுவதே என் பிழைப்பு.

எங்கள் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைத் தூக்கும் பாரந்தூக்கிகளை ஆட்கள் மேலே ஏறி ஓட்டுவதில்லை; ஓர் அறையில் அமர்ந்தவாறே இயக்குகிறார்கள். அலை அறுந்தால் பாரந்தூக்கி தானே நின்றுவிடும். ஆபத்து இல்லை, வேலை கெடும். கால்வாய்க்கு எதிர்க்கரையில் மீன் பதப்படுத்தும் குளிர்பதனக் கிடங்கு ஒன்று உண்டு. அவர்களும் அதே அலைக்கற்றையில் தங்கள் வண்டிகளை ஓட்டுகிறார்கள். இளவேனிற் காலந்தொட்டு எங்கள் பாரந்தூக்கிகள் அடிக்கடி நின்றன. அவர்கள் வண்டிகளும் நின்றன. இரு தரப்பும் ஆற்றலைக் கூட்டினோம். அண்டை உரிமதாரர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. நாங்களும் பேசினோம், கடிதங்களில். எதிர்க்கரைப் பொறியாளர் திருமதி பெட்டர்சன் எழுதும் கடிதங்கள் மரியாதையில் தொடங்கி மரியாதையில் முடியும். இடையில் இருப்பவை எல்லாம் குற்றச்சாட்டுகள். என் கடிதங்களும் அவ்வாறே. அந்தக் கால்வாய், எங்கள் ஊர்ச் சர்வதீர்த்தக் குளத்தின் அகலம்கூட இராது. ஆயினும் அவரை நான் பார்த்ததில்லை.

3

இனித் தம்பியின் கதை.

எங்கள் தெருவில் ஓர் அம்மன் கோயில். எங்களுக்குப் பின்தெருவில் ஓர் அம்மன் கோயில். இரண்டிலும் ஆடியில் கூழ் ஊற்றுவார்கள். முந்திய ஞாயிறு காப்புக் கட்டு. அடுத்த ஞாயிறு கூழ். இந்த ஆண்டு இரண்டு தெருவும் ஒரே நாளைக் குறித்துவிட்டன. எங்கள் தெருவின் விழாவுக்குத் தலைவன் குமரேசன். பின்தெருவின் விழாவுக்குத் தலைவர் மாசிலாமணி, ஜரிகை வியாபாரி. இவர்கள் இருவரும் வெறும் அண்டைத் தெருக்காரர்கள் அல்லர்; சம்பந்தி ஆக இருப்பவர்கள். குமரேசன் மகள் தேன்மொழியை மாசிலாமணியின் மகன் அருணுக்குக் கொடுப்பதென்று பேசி முடித்து, தட்டு மாற்றிக்கொள்வதற்கு ஆவணியில் நாளும் பார்த்திருந்தார்கள். பெரியவர்கள் பார்த்த இடம் என்றாலும், பார்ப்பதற்கு முன்பே பிள்ளைகள் பார்த்துக்கொண்ட இடம் அது.

நாங்கள் சிறுவர்களாயிருந்தபோது ஒலிவாங்கிக்கு நீண்ட கம்பி இருக்கும். அறிவிப்பவர் அதைவிட்டு நகர முடியாது. இப்போது கம்பியில்லா ஒலிவாங்கி. இரு தெருவினரும் சென்னையில் ஒரே கடையில், ஒரே வகையை வாங்கியிருக்கிறார்கள். ஆகவே இரண்டும் ஒரே அலைவரிசையில் பேசும். அலையை வாங்கும் பெட்டி, தனக்கு எது வலுவாகக் கேட்கிறதோ அதையே ஏற்று ஒலிபெருக்கிக்கு அனுப்பும்; தன் வீட்டு ஒலிவாங்கி எது, அயலார் ஒலிவாங்கி எது என்று அதற்குத் தெரியாது.

காப்புக் கட்டிய அன்று மாலை, குமரேசன் உபயதாரர் பெயர்களை நெடுநேரம் வாசித்துவிட்டு, ஒலிவாங்கியை அணைத்து வைத்திருக்கிறான். பின்தெருவில் மாசிலாமணி தம் ஒலிவாங்கியை அணைக்க மறந்து, கையில் வைத்துக்கொண்டே, தெருமுனையில் நின்று யாரிடமோ பேசியிருக்கிறார். அது எங்கள் தெரு முழுவதும் கேட்டது:

"யாருபா, அந்த அட்டக்கடக்காரனா? அவன் கையில மைக்கு குட்த்தா விடிய விடிய உடமாட்டான். கொரலா அது? எண்ணெ போடாத தறி மாரி இருக்குது."

தெரு சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் குமரேசன் தன் ஒலிவாங்கியை எடுத்துவிட்டான்.

"ஜரிக விக்கிறவரு கொரலு மட்டும் தங்கமா இருக்குதோ? அதுவும் முலாந்தான்!"

இது பின்தெரு முழுவதும் கேட்டது.

குரலை இகழ்ந்ததைப் பொறுக்கலாம். எங்கள் ஊரில் ஜரிகை விற்பவர் ஒருவரைப் பார்த்து, விளையாட்டுக்கும், பலர் கேட்க, முலாம் என்று சொல்லக்கூடாது. புடவை வாங்குபவர் முதல் நெய்பவர் வரை அவரிடம் நம்பிக் கேட்பது அது ஒன்றைத்தான். மறுநாள் காலை மாசிலாமணி, "என் சரக்க முலாம்னவன் வூட்ல எனக்கு சம்மந்தமா?" என்று தம் கடையில் வைத்தே கேட்டிருக்கிறார். அதன்பின் இரு தெருவிலும் கூம்பு ஒலிபெருக்கிகள் பெருகத் தொடங்கின.

"நாங்க ரெண்டு கொழா கட்டினா அவங்க நாலு கட்றாங்கண்ணா. இப்ப சாமி பாட்டே கேக்கல, கொர்ருனு ஒரு சத்தந்தான் கேக்குது" என்றான் தம்பி.

"நீயும் கூட்டாதே. உங்கள் இருவரின் ஒலிவாங்கிகளும் ஒரே அலைக்கற்றையில் இயங்குகின்றன, அதுதான் காரணம்."

"இன்னா கத்த?"

"அலைக்கற்றை."

"வைக்கக் கத்த தெரியும். இது இன்னா கத்த? புலவரே, தமிழ்ல சொல்லுபா!"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊரில் இருந்தவரை நானும் அவனைப் போலவே பேசியவன். என் மனைவி மதுரைப் பக்கம். இங்கே எங்கள் வீட்டில் இருவர் வழக்கும் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து, நடுவில் ஒரு பொதுத்தமிழ் எஞ்சிவிட்டது. மகளுக்கு எழுத்துக் கற்பிக்கப் போய் அதுவும் நூல்நடை ஆகிவிட்டது. இளமையில் கற்ற இலக்கணம் என்னைவிட்டுப் போகவில்லை. தெருவின் பேச்சுத்தான் போய்விட்டது.

அதற்குள் திரையில் எங்கள் எண் தோன்றியது. பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்தேன்.

4

வாரத்தின் நடுவில் தேன்மொழி அழைத்தாள். ஏனாத்தூரில் முதுகலை படிக்கிறாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு பேசினாள்.

"பெரியப்பா, அப்பாவுக்கு ஸ்பீக்கரு தான் கவலை. எனக்கு அது இல்ல. ஞாயித்துக்கெழம மறுபடியும் மைக்ல எதுனா பேசிட்டாங்கன்னா அவ்ளோதான், எல்லாம் முடிஞ்சிடும். அவங்க வீட்ல வேற எடம் பாக்கறதா பேச்சு வந்துடுச்சி."

"அருண் என்ன சொல்கிறார்?"

"அவரு ஒரகடம் ஃபேக்டரில நூறு பேர மேய்ப்பாரு. அவங்கப்பா எதிர்ல வந்தா மியூட்ல போய்டுவாரு."

"உன் அப்பா மன்னிப்புக் கேட்க மாட்டானா?"

"அவரா? 'மொதல்ல சொன்னது யாரு'ங்கறாரு. அவங்களும் அதையேதான் கேக்கறாங்க. நீங்க அங்க இதத்தான பெரியப்பா பண்றீங்க, ரெண்டு பேருக்கு நடுவுல இடைஞ்சல் வராம? ஏதாச்சும் பண்ணுங்க."

இடைஞ்சல். குறுக்கீட்டுக்கு அந்தச் சொல்லை நான் கருதிப் பார்த்ததே இல்லை. ஏதாவது செய்கிறேன் என்று சொன்னேன். மானத்தைப் பற்றி என்னால் எதுவும் செய்ய முடியாது. அலையைப் பற்றிச் செய்யலாம் என்று நினைத்தேன். ஒருவர் பேசுவது மற்றவர் தெருவில் கேட்காமல் செய்துவிட்டால், கூழ் ஊற்றும் நாள் வாய்ச்சண்டை இல்லாமல் கழிந்துவிடும். பிறகு காலம் பார்த்துக்கொள்ளட்டும். பொறியாளனாக என் தீர்வு இதுதான்.

சனிக்கிழமை பிற்பகல் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளுக்கு இடையே நின்றுகொண்டு தம்பியை அழைத்தேன். அங்கே அப்போது மாலை. கோயில் வாசலில் ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எவரோ "அலோ, அலோ, மைக் டெஸ்ட்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். என் பக்கம் பாரந்தூக்கியின் எச்சரிக்கை மணி.

"குமரேசா, நான் சொல்வதைக் கவனமாகக் கேள். அலைவரிசையை மாற்று."

"இன்னாது?"

"அலைவரிசை! அலைவரிசையை மாற்று!"

 அவன் தணிந்த குரலில் கேட்டான்.

"நாமளே மொதல்ல மாத்தணுமா?"

"ஆமாம். யாராவது ஒருவர் முதலில் மாற்றத்தானே வேண்டும்?"

"நம்ம மாத்தி, அவரு மாத்தலன்னா?"

"பரவாயில்லை. ஒருவர் மாற்றினாலே போதும்."

"இன்னிக்கேவா?"

"நாளை கூழ் ஊற்றுவதற்கு முன்னால் மாற்றிவிடு. ஒலி அளவையும் குறை."

"அது கெடக்கட்டும்ணா" என்றான். குரல் ஒருமாதிரி இருந்தது. "நீ இவ்ளோ தூரம் சொல்றே. மனசு ஒப்பல. இருந்தாலும் மாத்தறேன்."

ஓர் அலைவரிசையை மாற்றுவதற்கு மனம் எதற்காக ஒப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என் தம்பி கருவிகளிடம்கூட ரோஷம் பார்ப்பவன் என்று எண்ணிக்கொண்டேன்.

5

ஞாயிறன்று தேன்மொழி காணொளி ஒன்றை அனுப்பினாள்.

மேளம் முன்னே வருகிறது. அதன்பின் என் தம்பி, வேட்டியும் மேல்துண்டுமாக, கையில் ஒரு தட்டோடு. தட்டில் மஞ்சள், குங்குமம், வளையல். எல்லாவற்றுக்கும் மேல் அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப் புடவை. அவனுக்குப் பின்னே தெருப்பெண்கள், பூவும் பழமும் தேங்காயும் வைத்த தட்டுகளோடு. ஊர்வலம் எங்கள் அம்மன் கோயிலைத் தாண்டுகிறது, முனையில் திரும்புகிறது, பின்தெருவுக்குள் நுழைகிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பின்தெருக் கோயில் வாசலில் மாசிலாமணி நிற்கிறார். கையில் ஒலிவாங்கி. மேளம் ஓய்கிறது.

"இன்னா குமரேசா இது?"

"உங்க அம்மனுக்கு வரிசை."

"யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. எங்க அண்ணன் சொல்லிச்சி. நாமதான் மொதல்ல வரிசைய மாத்தணுமாம். நீங்க மாத்தலன்னாலும் பரவால்லன்னிச்சி."

"ஜெர்மனில இருக்கறாரே, அவரா?"

"அவருதான்."

மாசிலாமணி என் தம்பியைப் பார்க்கிறார், தட்டைப் பார்க்கிறார், புடவையின் ஓரத்தைத் தொழிற்பழக்கத்தில் விரலால் நிரடிப் பார்க்கிறார்.

"எங்கிட்ட வாங்கின ஜரிக மாரி இருக்குது?"

"உங்க கிட்ட வாங்கினதுதான். வேற யாரு கிட்ட வாங்கறேன் நானு?"

"முலாம்னியே?"

குமரேசன் தலை குனிகிறான். "வாய் தவறிடுச்சிபா. கோவத்துல வந்தது" என்கிறான். அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் மாசிலாமணியின் கையில் இருந்த ஒலிவாங்கி அணைக்கப்படவில்லை. அது பின்தெருவிலும் கேட்டது. எங்கள் தெருவிலும் கேட்டது. காணொளியில் இரண்டு தெருவின் ஒலிபெருக்கிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அதைச் சொல்வது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. எந்த வாயால் ஊர் கேட்கப் பழி வந்ததோ, அந்த வாயாலேயே ஊர் கேட்க அது நீங்கியது. திட்டமிட்டிருந்தால் இவ்வளவு ஒழுங்காக நடந்திராது.

மாசிலாமணி உள்ளே திரும்பிக் குரல் கொடுக்கிறார்: "ஏ, தட்டு எட்த்தா! மாத்தறதுன்னா நாமளும் குடுக்கணுமில்ல? வெறுங்கையோட அனுப்புவியா மனுசன?" அவர் மனைவி பதறிப்போய்த் தட்டுகளைத் தேடுகிறார். பச்சைப் புடவை ஒன்றைத் தட்டில் வைத்து மாசிலாமணி நீட்டுகிறார்.

"உங்க அம்மனுக்கு. எங்க ஜரிக. முலாமா இல்லியான்னு அவளே கட்டிப் பாத்து சொல்லட்டும்."

"சொன்னா மைக்ல சொல்லச் சொல்றேன்" என்கிறான் என் தம்பி.

"மைக்கு உனக்குக் குடுக்க மாட்டேன்" என்கிறார் மாசிலாமணி. சிரிப்பில் படம் ஆடுகிறது. படம் பிடித்தவள் சிரித்திருக்க வேண்டும்.

நான் அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 'நாமதான் மொதல்ல வரிசைய மாத்தணுமாம்' என்னும் இடம் வந்ததும் நிறுத்தி, முந்திய நாள் நான் சொன்னதை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். அலைவரிசையை மாற்று. அந்த இரைச்சலில் 'அலை' அவனுக்கு 'அலோ' என்று கேட்டிருக்கிறது. எங்கள் ஊரில் தொலைபேசியில் குரல் சரியாகக் கேட்காதவன் சொல்லும் முதற்சொல்லும் அதுதானே? அலோ, வரிசையை மாத்து. அலோ, வரிசையை மாத்து. நான் சேனல் என்றோ பிரீக்வென்சி என்றோ சொல்லியிருந்தால் அவனுக்கு அக்கணமே விளங்கியிருக்கும். அச்சொற்களை நான் சொல்வதில்லை.

மறுநாள் அந்த ஒலிவாங்கியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முன்னும் பின்னும் அடியும் எடுத்து அனுப்பினான். ஒலிவாங்கியில் இயக்கும் பொத்தான் ஒன்று. மின்கலம் போடும் மூடி ஒன்று. பெட்டியில் ஒலியளவுத் திருகு மட்டும். அலைவரிசையை மாற்றும் வசதியே அந்த வகையில் இல்லை. நான் சொன்னதை அவன் சரியாகக் கேட்டிருந்தால், அதைச் செய்ய முடியாமல் விழித்திருப்பான்.

இரண்டு ஒலிவாங்கியும் இன்னமும் ஒரே அலைவரிசையில்தான் இருக்கின்றன. அன்று ஒன்றை அணைத்து வைத்துவிட்டு மற்றொன்றை மட்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள். இரண்டு பெட்டியும் அதையே ஏற்றதால் ஒரே அறிவிப்பு இரு தெருவிலும் கேட்டது: "கூழு ரெண்டு பக்கமும் ஊத்தறோம். எந்தப் பக்கம் கூட்டம் கம்மியோ அந்தப் பக்கம் வாங்க." கூடுதலாகக் கட்டிய கூம்புகளைப் பிற்பகலில் அவிழ்த்துவிட்டார்களாம். தேவைப்படவில்லை என்றான் தம்பி.

6

அந்த வாரம் திருமதி பெட்டர்சனுக்கு எழுதத் தொடங்கிய கடிதத்தை முடிக்கவில்லை. தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொண்டு, பாலத்தைக் கடந்து நடந்தே போனேன். மீன் நாற்றம் வீசும் சிறிய அலுவலகம். நரைத்த முடியும் ரப்பர்க் காலணியுமாக ஒருவர் எழுந்து வந்து கைகொடுத்தார்.

"அப்படியானால் அந்த ஷ்டோரர் நீங்கள்தானா?" என்றார்.

"நானேதான்" என்றேன். முதன்முறையாக அந்தச் சொல்லைச் சரியான பொருளில் எனக்குப் பயன்படுத்திக்கொண்டேன். அவர், "நானுந்தான்" என்றார்.

இருவரும் வேலிவரை நடந்து போய் எதிர் எதிர் அலைக்கம்பங்களைப் பார்த்தோம். கால்வாயைப் பார்த்திருந்த தம் அலைக்கம்பத்தின் முகத்தை நிலத்தின் பக்கமாகத் திருப்ப அவர் சம்மதித்தார். கரையோரக் கம்பங்களின் ஆற்றலைக் குறைக்க நான் சம்மதித்தேன். யார் முதலில் குறைப்பது என்று அவர் கேட்டபோது, நான் குறைக்கிறேன் என்றேன். எல்லாம் தீர்ந்துவிடவில்லை, காற்றும் மழையுமான ஒரு நாளில் எங்கள் பாரந்தூக்கி ஒன்று மறுபடியும் நின்றது. அவர்தான் முதலில் அழைத்துக் கேட்டார். ஒப்பந்தத்தைக் கடிதமாகவும் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, உரிமம் வழங்கும் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அது இந்த நாட்டு வழக்கம்.

7

நேற்று அழைப்பிதழ் கைப்பேசிக்கு வந்தது. தட்டு மாற்றுவதாக இருந்த நாளிலேயே திருமணத்தையும் வைத்துவிட்டார்கள். தட்டுத்தான் ஏற்கெனவே மாற்றியாயிற்றே என்று மாசிலாமணி சொன்னாராம். மகளிடம் காட்டினேன். அவள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். மணமக்கள் பெயரைப் படித்து முடித்துவிட்டு, நடந்ததையெல்லாம் கேட்டாள். சொன்னேன்.

"வரிசைன்னா ஷ்லாங்கேதானே? அன்னிக்கு ஆஃபீஸ்ல நின்னோமே?"

"அதுவும்தான். சீர்தட்டுக்கும் அதுதான் பெயர்."

"ஷ்லாங்கேன்னா பாம்புன்னும் அர்த்தம்" என்றாள். "அலை-வரிசைன்னா?"

சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அப்போ சித்தப்பாகிட்ட தப்புன்னு சொல்லிட்டீங்களா?"

இல்லை என்றேன். அவளுடைய பெயர்த் திருத்த விண்ணப்பம் என் பையில் நிரப்பாமல் இருப்பதை அவளும் அறிவாள். அதைப்பற்றி இருவரும் பேசவில்லை.

ஆயினும் பிழையொன்று என் பெயரில் ஊரில் உலவுவது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. பின்தெருவில் என்னைப் பெரிய மனிதர் என்கிறார்களாம். இத்தனை தொலைவில் இருந்தும் முறை தெரிந்தவர் என்கிறார்களாம். நான் சொல்லாத ஒன்றுக்கு எனக்குப் புகழ் எதற்கு? இன்று தம்பி அழைத்தபோது சொல்லிவிடுவதென்று முடிவுசெய்தேன். அவன் கடையில் இருந்தான்; பின்னால் அட்டை அடிக்கும் பொறி தடதடத்தது.

"குமரேசா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அன்று நான் சொன்னது வேறு. அலை..."

"அலோ, அலோ" என்றான் அவன். "கேக்குதுண்ணா, கேக்குது. சொல்லு."

பொறி ஓடிக்கொண்டிருந்தது. தேன்மொழியின் முகூர்த்தப் புடவைக்கு யாருடைய ஜரிகை என்று கேட்டேன்.

"இன்னாண்ணா கேள்வி இது?" என்றான். "வேற யாருது?"